சொசைட்டிக்குப் பால் ஊற்றினால் கட்டுபடியாகுமா?

இரண்டு மூன்று கறவை மாடு வைத்திருக்கும் குடும்பம் பாலை மூன்று இடத்தில் விற்கலாம்: ஊர்க் கூட்டுறவுப் பால் சங்கம், தனியார் கொள்முதல் நிலையம், நேரடியாக வீடுகளும் டீக்கடையும். இங்கே எடைபோடுவது முதலாவதை, அதாவது தமிழ்நாட்டுக் கிராமங்களில் எல்லோரும் சொசைட்டி என்று சொல்லும் சேவையை. கேள்வி ஒன்றுதான். அதை மட்டும் நம்பி மாடு வளர்த்தால் கையில் காசு நிற்குமா?

நிற்கும், ஆனால் இரண்டு விஷயம் சரியாக இருக்க வேண்டும். பசும்புல் சொந்தக் காட்டில் விளைய வேண்டும். மாடு 13 மாதத்துக்கு ஒரு கன்று ஈன வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் மாட்டுக்கு மாதம் 2,000 ரூபாய் போல மிஞ்சும். புல், வைக்கோல், தீவனம் மூன்றையும் விலைக்கு வாங்குகிறவருக்கு இன்றைய கொள்முதல் விலையில் மிஞ்சாது. சங்கம் எவ்வளவு நேர்மையாக நடந்தாலும் மிஞ்சாது. கணக்கைக் கீழே முழுதாக வைத்திருக்கிறோம். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

அறிவித்த விலையும் கைக்கு வரும் விலையும்

ஆவின் அமைப்பு மூன்று அடுக்கு. கிராமத்தில் சங்கம், மாவட்ட அளவில் ஒன்றியம், மேலே இணையம். 2022 நவம்பரில் பசும்பால் கொள்முதல் விலை லிட்டர் 32 ரூபாயிலிருந்து 35 ஆனது, எருமைப்பால் 41-லிருந்து 44. அதன்மேல் 2023 டிசம்பர் 18 முதல் லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்தது. ஆக 38, 47.

பால் ஊற்றும் பலர் இந்த 38-ஐ மனதில் வைத்துக்கொண்டு பட்டுவாடா அன்று ஏமாந்து போகிறார்கள். அந்த விலை ஒரு குறிப்பிட்ட தரத்துக்கு உள்ள விலை. கொழுப்பும், கொழுப்பு நீங்கலான இதர சத்தும் அந்த அளவுக்குக் கீழே போனால் விலையும் இறங்கும். ஜெர்சி, எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் பிரீசியன்) கலப்பின மாட்டுப் பால் நம் ஊர்த் தீவன முறையில் பெரும்பாலும் கொழுப்பு 3.5 முதல் 4.2 வரை, இதர சத்து 8.0 முதல் 8.4 வரை நிற்கும். அதனால் ஊக்கத்தொகையோடு சேர்த்தே 34, 35 என்று கைக்கு வந்தால் சங்கம் திருடுகிறது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். சங்கத்தில் கொழுப்பு ஒரு பக்கம், இதர சத்து ஒரு பக்கம் போட்ட விலைப் பட்டியல் இருக்கும். அதைக் கேட்டு வாங்கி, போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதைக் காட்டத் தயங்கும் சங்கத்தைப் பற்றி யோசிக்க வேண்டியதுதான்.

இதர சத்தை நேராக அளப்பதில்லை, கணக்குப் போட்டு எடுக்கிறார்கள். பாலின் அடர்த்தியை அளக்கும் மிதவைக் கருவியான லாக்டோமீட்டர் காட்டும் டிகிரியை வெப்பநிலைக்குத் திருத்தி, அதை 4 ஆல் வகுத்து, கொழுப்பில் கால் பங்கைச் சேர்த்து, அதோடு ஒரு மாறிலியைக் கூட்டுவார்கள். பல இடங்களில் அந்த மாறிலி 0.44. பால் 28 டிகிரி, கொழுப்பு 4.0 என்றால் 7 + 1 + 0.44, ஆக 8.44. அதே பால் 27 டிகிரி காட்டினால் 8.19. ஒரு டிகிரி தவறினால் கால் புள்ளி போய்விடும், விலைப் பட்டியலில் அது கண்ணுக்குத் தெரியும் இறக்கம்.

இந்த ஒரு டிகிரி எங்கெல்லாம் போகிறது என்று பார்த்தால், பாதி வீட்டிலேயே போகிறது. கேனைக் கழுவிக் கவிழ்க்காமல் பால் ஊற்றினால் அடியில் நிற்கும் தண்ணீர் 10 லிட்டர் பாலில் 100 மில்லி இருந்தால்கூட டிகிரி 0.28 இறங்கும், 200 மில்லி என்றால் அரை டிகிரிக்கு மேல். மடி கழுவிய ஈரம் துடைக்காமல் சொட்டினாலும் இதே கதை. தண்ணீர் கலக்கும் எண்ணமே இல்லாத வீட்டுப் பால் தண்ணீர்ப் பால் என்று பெயர் எடுப்பது இப்படித்தான். அடுத்தது சூடு. கறந்த உடனே பாலில் காற்றுக் குமிழி இருக்கும், கொழுப்பு இளகி இருக்கும், லாக்டோமீட்டர் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். குமிழி அடங்கிய பாலில்தான் அளவு ஒழுங்காக வரும். லாக்டோமீட்டர் எந்த வெப்பநிலைக்கு அளவிட்டது என்று அதன் தண்டிலேயே எழுதியிருக்கும், 27 டிகிரி செல்சியஸ் என்று இருப்பதுதான் இங்கே அதிகம். பால் அதைவிடச் சூடாக இருந்தால் திருத்தத்தைக் கூட்ட வேண்டும், குளிர்ந்திருந்தால் கழிக்க வேண்டும். அவசரத்தில் இந்தத் திருத்தத்தை விட்டுவிடுவது பல நிலையங்களில் நடக்கிறது.

கொழுப்பு அளவு தவறுவதற்குப் பெரிய காரணம் மாதிரி எடுக்கும் விதம். நின்ற பாலில் கொழுப்பு மேலே ஏறிவிடும். கேனில் மேலிருந்து அடிவரை நன்றாகக் கலக்காமல் மேலாக மொண்டால் ஒருவருக்குக் கூடுதல், அடியிலிருந்து எடுத்தால் இன்னொருவருக்கு நஷ்டம். இப்போது பெரும்பாலான சங்கங்களில் பால் பகுப்பாய்வுக் கருவி வந்துவிட்டது. ஒரு நிமிடத்தில் கொழுப்பும் இதர சத்தும் திரையில் வரும், அங்கேயே ரசீதும் வரும். நல்ல மாற்றம் இது. ஆனால் அந்தக் கருவியை நாள்தோறும் கழுவாவிட்டால் உள்ளே பால் கல் (இறுகிப்போன பால் கசடு) படிந்து தவறாகக் காட்டும். புளிக்கத் தொடங்கிய பாலையும் அது சரியாகப் படிக்காது. சந்தேகம் வந்தால் கொழுப்பைப் பழைய கெர்பர் முறையில் சோதிக்கச் சொல்லிக் கேட்கலாம்: 10 மில்லி கந்தக அமிலம், 10.75 மில்லி பால், 1 மில்லி அமைல் ஆல்கஹால், அப்புறம் சுழற்சி இயந்திரம். நேரம் பிடிக்கும், ஆனால் தகராறு தீரும்.

இன்னொன்று எடையும் அளவும். 28 டிகிரி பால் ஒரு லிட்டர் 1.028 கிலோ. தராசில் 10.28 கிலோ நின்றால்தான் அது 10 லிட்டர். கிலோவில் எடை போட்டு லிட்டரில் விலை போடும்போது எந்த எண்ணால் வகுக்கிறார்கள் என்று ஒரு தடவை கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சோதனைக்கு எடுத்த பால் போக மிச்சம் உங்கள் கேனுக்குத் திரும்புகிறதா என்பதையும் கவனியுங்கள். ஒரு வேளைக்கு 100 மில்லி என்றாலும் வருடத்துக்கு 73 லிட்டர்.

பாலின் தரம் மாட்டுக் கொட்டகையில்தான்

சங்கத்தில் சண்டை போடுவதற்கு முன் வீட்டில் சரிசெய்ய வேண்டியவை உண்டு. கடைசியாக வரும் பாலில்தான் கொழுப்பு அதிகம். முதல் பாலைக் கறந்துவிட்டுக் கடைசிப் பாலைக் கன்றுக்கு விடுகிறவர், கொழுப்பைக் கன்றுக்கும் தண்ணீர்ப் பாலைச் சங்கத்துக்கும் கொடுக்கிறார். கன்றுக்கு முதலில் கொஞ்சம் விட்டுச் சுரக்க வைத்து, பிறகு ஒட்டக் கறக்க வேண்டும். சுரந்த பின் ஐந்து முதல் ஏழு நிமிடத்துக்குள் கறந்து முடிக்க வேண்டும், அதற்குமேல் போனால் மாடு பாலை அடக்கிக்கொள்ளும். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும் என்று பெரியவர்கள் சொன்னதில் இந்த உடல்கூறு விஷயம் அடங்கியிருக்கிறது. மிரட்டிக் கறந்தால் கடைசிப் பால் வராது.

காலை 5 மணிக்கும் மாலை 3 மணிக்கும் கறந்தால் இரவு இடைவெளி 14 மணி நேரம். காலைப் பால் அளவு கூடி, கொழுப்பு குறைந்து வரும். மாலைப் பால் கெட்டியாக இருக்கும். காலை ரசீதில் 3.6, மாலையில் 4.3 என்று வருவது கருவியின் கோளாறு என்று எண்ண வேண்டாம்.

கொழுப்பு தொடர்ந்து விழுந்தால் நார்ச்சத்தைப் பாருங்கள். வைக்கோலைக் குறைத்து அடர்தீவனத்தை (தானியம், புண்ணாக்கு, தவிடு கலந்த தீவனம்) ஏற்றினால் பால் கூடும், கொழுப்பு இறங்கும். சோறு, அரிசிக் கஞ்சி, மாவுத் தண்ணீர் அதிகமாக ஊற்றும் வீடுகளில் வயிறு புளித்து இதே பிரச்சனை வரும். விசேஷ வீட்டு மிச்சச் சோற்றை ஒரேயடியாகக் கொட்டி மாட்டையே இழந்த குடும்பங்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இதர சத்து குறைந்தால் மாட்டுக்கு மொத்தத்தில் தீனி போதவில்லை, அல்லது மடியில் வெளியே தெரியாத நோய் இருக்கிறது. முதல் இரண்டு பீச்சை ஒரு கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள். திரி திரியாக நின்றால் மடிநோய் தொடங்கிவிட்டது. அன்றே மருத்துவரிடம் காட்டினால் காம்பு பிழைக்கும். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்து மடியில் பூசும் மரபு மருத்துவம் இன்று கால்நடைத் துறை வட்டாரத்திலேயே பரிந்துரைக்கப்படுகிறது. ஆரம்ப நிலையில் அது கைகொடுக்கும், காய்ச்சலும் வீக்கமும் வந்த பிறகு அது மட்டும் போதாது. ஊசி போட்ட மாட்டின் பாலை மருந்து லேபிளில் சொன்ன நாள்வரை சங்கத்துக்கு ஊற்றக் கூடாது. ஊர்ப் பால் முழுவதும் ஒரே தொட்டியில்தான் சேருகிறது.

கணக்கு

சராசரி ஒரு கலப்பினப் பசு. 300 நாள் கறவை, நாளுக்குச் சராசரி 9 லிட்டர், மொத்தம் 2,700 லிட்டர். உச்சத்தில் 13, 14 கறக்கும் மாடுதான் சராசரியில் 9-க்கு வரும். தரகர் சொல்லும் 14-ஐ 300 ஆல் பெருக்கி விடாதீர்கள். கைக்கு வரும் விலை லிட்டர் 35 என்று வைத்தால் வரவு 94,500 ரூபாய்.

கன்று ஈன்றதிலிருந்து அடுத்த கன்று வரை 13 மாதம், சுமார் 395 நாள். இந்த நாள் முழுவதும் மாடு தின்னும், பால் கறக்காத 95 நாளும் சேர்த்து. அடர்தீவனம் உடம்புக்கு 1.5 கிலோ, ஒவ்வொரு லிட்டர் பாலுக்கும் 400 கிராம். கறவை நாளில் 5.1 கிலோ, வற்றிய நாளில் 2 கிலோ, மொத்தம் 1,720 கிலோ. கிலோ 28 ரூபாய் என்றால் 48,160. வரவில் பாதிக்கு மேல் இதிலேயே போய்விட்டது.

பசும்புல் நாளுக்கு 25 கிலோ, மொத்தம் 9,875 கிலோ. கிலோ 3 ரூபாய்க்கு வாங்கினால் 29,625. சொந்தக் காட்டில் தண்ணீர், எரு, அறுப்புக்கூலி எல்லாம் சேர்த்துக் கிலோ ஒரு ரூபாய் ஆகும் என்றால் 9,875. வைக்கோல் நாளுக்கு 5 கிலோ, மொத்தம் 1,975 கிலோ. கட்டாக வாங்கினால் கிலோ 7 ரூபாய் வீதம் 13,825. சொந்த வயல் வைக்கோலைக் கட்டுக் கட்டி வீடு சேர்க்க 2 ரூபாய் வீதம் 3,950. தாது உப்புக் கலவை 1,600. சினை ஊசி, குடற்புழு மருந்து, காப்பீடு, வைத்தியம், கயிறு, மின்சாரம் எல்லாம் 5,000.

எல்லாம் விலைக்கு வாங்கினால் செலவு 98,210. வரவைவிட 3,710 அதிகம். நாளைக்கே கொள்முதல் விலை லிட்டருக்கு 3 ரூபாய் கூடினாலும் மாதத்துக்கு 340 ரூபாய்தான் மிஞ்சும். சொந்தப் புல்லும் வைக்கோலும் உள்ளவருக்குச் செலவு 68,585, மிச்சம் 25,915. மாதம் சுமார் 2,000.

மாட்டின் தேய்மானம்? 60,000-க்கு வாங்கி ஐந்து ஈத்து கறந்து 20,000-க்கு விற்றால் ஈத்துக்கு 8,000 குறைகிறது. எருவும் கன்றும் அதை ஈடுகட்டும். இரண்டு மாட்டுக்கு நாளுக்கு மூன்று மணி நேர வேலை என்றால் மாதம் 90 மணி நேரத்துக்கு 4,000 ரூபாய், மணிக்கு 44. எட்டு மணி நேரத்துக்குக் கணக்கிட்டால் 352. தமிழ்நாட்டில் 2025-26-க்கு நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த கூலி 336. ஆக, சொந்தப் புல் உள்ள வீட்டுக்குச் சொசைட்டி தருவது ஏறக்குறைய ஒரு நாள்கூலிக்குச் சமமான வருமானம். ஆனால் அது வருடம் முழுவதும், வீட்டு வாசலிலேயே, பெரும்பாலும் பெண்கள் கையில் வரும் காசு. அதன் மதிப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டோம். ஆனால் ஆள் வைத்து மாடு மேய்க்க இதில் இடமில்லை.

கூடுதல் லாபம் எங்கே இருக்கிறது என்றால் அடுத்த லிட்டரில். 9-க்கு மேல் கறக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் தீவனம் 400 கிராம், 11 ரூபாய் 20 காசு. வரவு 35. உடம்புக்கான தீனியை ஏற்கெனவே போட்டாயிற்று. சராசரி 9-லிருந்து 11 ஆனால் ஈத்துக்கு 14,280 ரூபாய் கூடுதல். மூன்று சுமார் மாட்டைவிட இரண்டு நல்ல மாடு மேல். அதற்காக 20 லிட்டர் எச்.எஃப். மாட்டுக்குத் தாவ வேண்டாம். சித்திரை வெயிலில் அது மூச்சு வாங்கும், சினை பிடிக்காது. சமவெளியில் ஜெர்சிக் கலப்பே பத்திரம்.

புல் இல்லாமல் மாடு வாங்காதீர்கள்

கோ-4, கோ-5 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்தான் சிறு பண்ணைக்கு முதுகெலும்பு. வேளாண் பல்கலைக்கழகக் கணக்கில் ஹெக்டேருக்கு வருடம் 350 முதல் 400 டன். நம் காட்டில் அதில் அறுபது சதவீதம் வந்தால்கூட ஒரு மாட்டுக்கு 10 சென்ட் போதும், தண்ணீர் இருக்க வேண்டும். 60-க்கு 50 சென்டிமீட்டர் இடைவெளியில் சென்ட்டுக்குச் சுமார் 135 கரணை (நடும் தண்டுத் துண்டு). முதல் அறுப்பு 75 முதல் 80 நாளில், அதன்பின் 45 நாளுக்கு ஒருமுறை. 60 நாள் விட்டால் தண்டு முற்றி மாடு கழித்துத் தள்ளும், அறுவடை எடை கூடியது போலத் தெரிந்தாலும் பால் கூடாது. பாத்தியைப் பல துண்டாகப் பிரித்து முறைவைத்து அறுத்தால் தினமும் இளம்புல் கிடைக்கும்.

இந்தப் புல்லை மட்டும் போட்டால் சுண்ணாம்புச் சத்து குறையும். மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு வேலிமசால், அகத்தி, சூபாபுல் எதையாவது சேருங்கள். புரதம் அதிலிருந்து வந்தால் புண்ணாக்கைக் கொஞ்சம் குறைக்கலாம். சோளத்தட்டு போடுகிறவர்கள் பூ எடுக்கும் முன் அறுக்க வேண்டாம், இளம் சோளப்பயிரில் நஞ்சு உண்டு. வாடிய பயிரில் இன்னும் அதிகம். எந்தப் புல்லானாலும் நறுக்கிப் போடுங்கள். முழுதாகப் போட்டால் மிதித்துக் கழிப்பதே கணிசமாகப் போகும்.

அடர்தீவனத்தைச் சொசைட்டியில் பால் பணத்தில் கழித்துக்கொள்ளும் முறையில் வாங்கலாம். கைக்காசு இல்லாதவருக்கு இது பெரிய உதவி. மூட்டையில் புரதம் 20 முதல் 22 சதவீதம் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வீட்டிலேயே கலப்பதானால் 100 கிலோவுக்கு மக்காச்சோளம் 35, புண்ணாக்கு 27, தவிடு 20, உளுந்து அல்லது துவரம் பொட்டு 15, தாது உப்பு 2, சமையல் உப்பு 1. விலை மலிந்த பருவத்தில் கிலோவுக்கு இரண்டு மூன்று ரூபாய் மிச்சமாகும். பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கு மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள், அந்த நஞ்சு பாலிலும் வரும்.

சினை ஊசி: இந்தச் சேவையில்தான் பணம் இருக்கிறது

மாடு 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். ஒரு பருவத்தைத் தவறவிட்டால் வற்றிய நாள் 21 கூடும். சொந்தப் புல் உள்ளவருக்கு அதனால் தீவனச் செலவு மட்டும் சுமார் 1,900 ரூபாய், வாங்கிப் போடுகிறவருக்கு 3,500. மூன்று தடவை தவறினால் இரண்டு மாதம் போய்விடும். லிட்டருக்கு ஐம்பது காசு குறைந்ததற்குப் போராடும் நாம் இதைக் கவனிப்பதில்லை.

ஈன்று 60 முதல் 90 நாளுக்குள் ஊசி போட்டாக வேண்டும். கண்ணாடி போல நீண்டு தொங்கும் வழும்பு, கத்தல், மற்ற மாடு ஏறும்போது நின்று கொடுப்பது, திடீரெனப் பால் குறைவது, இவைதான் அறிகுறி. காலையில் கண்டால் அன்று மாலை, மாலையில் கண்டால் மறுநாள் காலை. கத்தியவுடனே போட்டால் பிடிக்காது. கோடையில் பகலில் அறிகுறியே தெரியாது. இரவு படுக்கும் முன்னும் விடியற்காலையும் ஒருதரம் கொட்டகைக்குப் போய்ப் பாருங்கள். வழும்பு வெள்ளையாகவோ சீழ் போலவோ இருந்தால் ஊசியை வீணாக்காமல் கருப்பைக்கு வைத்தியம் பாருங்கள். போட்டு மூன்று மாதத்தில் சினைப் பரிசோதனை கட்டாயம். பருவம் திரும்பவில்லை என்பதால் சினை என்று நம்பி ஆறு மாதம் காத்திருப்பவர் நிறைய.

சங்கம் வழியாகவோ அரசு கால்நடை மருந்தகம் வழியாகவோ ஊசி கிடைக்கும். அளவுகோல் ஒன்றே ஒன்று: சொன்ன நேரத்துக்கு ஆள் வருகிறாரா? எட்டு மணி நேரம் தாமதமாக வரும் நல்ல விந்துக் குச்சியைவிட நேரத்துக்கு வரும் சாதாரணக் குச்சி மேல். பாலினம் பிரித்த உறைவிந்தில் பத்துக்கு ஒன்பது கிடேரி பிறக்கும். ஆனால் சினை பிடிக்கும் வாய்ப்பு கொஞ்சம் குறைவு, அதனால் திடமான கிடேரிக்கும் முதல் இரண்டு ஈத்து மாட்டுக்கும் மட்டும் போடுங்கள். பலமுறை திரும்பிய மாட்டுக்குப் போட்டுக் காசை விட வேண்டாம். பிறந்த கிடேரியை 28, 30 மாதத்தில் முதல் ஈத்துக்குக் கொண்டுவர அடர்தீவனமும் சொந்தப் புல்லும் சேர்த்து 43,000 ரூபாய் போல ஆகும். சந்தையில் 60,000 கொடுப்பதைவிட மலிவு. அதோடு மடிநோயையோ சினை பிடிக்காத குறையையோ மறைத்து விற்ற மாடு வந்து சேரும் ஆபத்தும் இல்லை.

கடன், காப்பீடு, தடுப்பூசி

உழவர் கடன் அட்டை 2018-19 முதல் கால்நடை வளர்ப்புக்கும் உண்டு, ஆனால் அது தீவனம், வைத்தியம் போன்ற நடைமுறைச் செலவுக்குத்தான், மாடு வாங்க அல்ல. 7 சதவீத வட்டி, தவணை தவறாமல் கட்டினால் 4 சதவீதம். 60,000 ரூபாய் கடனுக்கு வருடம் 2,400. அதே பணத்தை வெளியில் இரண்டு வட்டிக்கு வாங்கினால் வருடம் 14,400. மேலே போட்ட மிச்சத்தில் பாதிக்கு மேல் அதற்கே போகும். சங்க உறுப்பினர், பால் ஊற்றிய கணக்கு இது என்று காட்ட முடிவதால் வங்கியில் விண்ணப்பம் நகர்வது எளிது. சங்கத்தில் சேர இதுவே போதுமான காரணம்.

காப்பீட்டில் காதுவில்லைதான் எல்லாம். வில்லை விழுந்துவிட்டால் அன்றே சொல்லிப் புதிதாகப் போட்டுப் பதிவு செய்யுங்கள். வில்லை இல்லாமல் இறந்த மாட்டுக்கு இழப்பீடு வாங்குவது நடக்காத காரியம். கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை, இலவசம். ஊசி போட்டால் இரண்டு நாள் பால் குறையும் என்று விட்டுவிடுகிறவர்கள் கோமாரி வந்தால் ஈத்து முழுவதையும் இழக்கிறார்கள். 2022-ல் பல மாநிலங்களில் தோல் கழலை நோய் பரவியபோது மாடுகளுக்கு ஆட்டம்மைத் தடுப்பூசியைத்தான் போட்டார்கள்.

தனியாரும் நேர் விற்பனையும்

தனியார் நிலையங்கள் கோடையில், பால் குறையும் மாதங்களில், சங்கத்தைவிடக் கூட்டிக் கொடுக்கும். பல இடங்களில் முன்பணமும் தருவார்கள். மழைக்குப் பின் பச்சை பெருகிப் பால் கூடும்போது விலையைக் குறைப்பார்கள். 2020 ஊரடங்கில் டீக்கடையும் ஓட்டலும் மூடியபோது தனியார் பலர் கொள்முதலைச் சுருக்கினார்கள், கூட்டுறவு தொடர்ந்து வாங்கியது. பட்டுவாடா விஷயத்தில் தனியாருக்குத்தான் நல்ல பெயர். பத்து நாளுக்கு ஒருமுறை வர வேண்டிய பணம் சில சங்கங்களில் ஒரு மாதம் இழுக்கும், அப்போது தீவனக் கடைக் கடன் ஏறும். சொசைட்டி முறையின் பெரிய குறை இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம்.

வீடுகளுக்கு நேரடியாக 50 ரூபாய்க்கு ஐந்து லிட்டர் விற்க முடிந்தால் ஒரு நாளுக்கு 75 ரூபாய் கூடுதல், 300 நாளில் 22,500. எல்லாம் வாங்கிப் போடுகிறவரின் கணக்கும் அங்கேதான் லாபத்துக்குத் திரும்புகிறது. ஆனால் வாடிக்கையாளர் ஊருக்குப் போனால் அன்றைய பால் நிற்கும், கடன் நிற்கும், விடியலில் ஒரு மணி நேரம் வண்டியில் போகும். காலைப் பாலில் ஒரு பகுதியை வீடுகளுக்கும், மீதியையும் மாலைப் பாலையும் சங்கத்துக்கும் கொடுப்பவர்களின் கணக்குத்தான் நிமிர்ந்து நிற்கிறது. சங்கத்துக்கு ஊற்றுவதை ஒரேயடியாக நிறுத்தினால் ஆண்டு போனஸும் உறுப்பினர் உரிமையும் போய்விடும், கவனம்.

புதிதாகச் சேரும் முன் உங்கள் ஊர்ச் சங்கத்தைப் பத்து நாளில் சோதித்துவிடலாம். சில நூறு ரூபாய்க்கு ஒரு நல்ல லாக்டோமீட்டரும் கண்ணாடிக் குடுவையும் வெப்பமானியும் வாங்குங்கள். பாலைக் கறந்து குமிழி அடங்கிச் சூடு தணிந்ததும், மேலும் கீழும் கலக்கி, குடுவை வழிய ஊற்றி, லாக்டோமீட்டரை மெதுவாக விட்டு, அது நின்றபின் கண்ணை மட்டத்துக்கு இறக்கிப் படியுங்கள். தேதி, வேளை, டிகிரி, வெப்பநிலை, எடை என்று ஒரு நோட்டில் குறித்து, பக்கத்தில் சங்க ரசீதின் எண்களை எழுதுங்கள். ஒரு நாள் கூட, ஒரு நாள் குறைய என்று மாறி மாறி வந்தால் அது அளவுப் பிழை, பொருட்படுத்த வேண்டியதில்லை. இருபது வேளையும் சங்கத்து எண் ஒரே பக்கமாகக் குறைந்தே இருந்தால், நோட்டையும் ரசீதுகளையும் எடுத்துக்கொண்டு இன்னும் இரண்டு மூன்று உறுப்பினர்களோடு செயலாளரிடம் போய்க் கருவியைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அங்கே தீராவிட்டால் மாவட்ட ஒன்றியத்தில் எழுத்தில் கொடுங்கள்.